பெரம்பூர் நீலப் பெட்டியை லெகோவில் கட்டுவது: எத்தனை குமிழ் அகலம்?

கொளத்தூரான் | ஜூலை 6, இரவு 10.12

வணக்கம். என் அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்-இல் (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி, ரயில் பெட்டித் தொழிற்சாலை) ஃபர்னிஷிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படுக்கை, ரெக்சின், பலகை, மின்விசிறி என்று பெட்டியின் உட்புறம் முழுக்க அவர் கை பட்ட இடம். என் மகனுக்கு வாங்கிய லெகோ ரயில் செட் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதே தண்டவாளத்தில் ஓடும்படி பழைய நீல நிற ஸ்லீப்பர் பெட்டி ஒன்றை நானே வடிவமைத்து, இந்த வருடக் கொலுவில் ஓடவிட வேண்டும் என்று ஆசை.

போன வாரம் கையில் இருந்த பீஸ்களை வைத்து ஒன்று கட்டினேன். செட்டில் வந்த பெட்டியின் அகலம் 6 குமிழ் (லெகோ பீஸின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் புள்ளி), நானும் அதையே வைத்தேன். நீளம் 28 குமிழ், பக்கத்துக்கு ஆறு ஜன்னல். உடம்பு அடர்நீலம், ஜன்னல் பட்டை வெளிர்நீலம். நிறத்தில் குறை இல்லை. அப்பா கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்குப்பா. ஆனா இது நம்ம பெட்டி இல்லையே" என்றார். எது குறைகிறது என்று கேட்டால் அவருக்கும் சொல்ல வரவில்லை.

அகலத்தைக் கூட்ட வேண்டுமா, நீளத்தையா? எந்த அளவிலிருந்து தொடங்குவது? அப்புறம், கம்ப்யூட்டரில் வரைந்துவிட்டுக் கட்டுவது நல்லதா, நேராகக் கையில் கட்டுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

அளவுகோல் | ஜூலை 7, காலை 6.50

எல்லாரும் தண்டவாளத்திலிருந்துதான் தொடங்குவார்கள், நீங்களும் அங்கேயே தொடங்குங்கள். லெகோவில் குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. தண்டவாளக் கம்பிகளுக்கு இடையே உள்ளளவு ஏறக்குறைய 37.5 மி.மீ. நம் அகலப்பாதை 1676 மி.மீ. வகுத்துப் பார்த்தால் 45-க்குக் கொஞ்சம் குறைவு. ஆக, தண்டவாளத்துக்கு நியாயமாக நடந்துகொள்வது என்றால் 45-இல் ஒரு பங்கு.

இப்போது பெட்டி. ஐ.சி.எஃப் பெட்டியின் அகலம் 3245 மி.மீ. அதை 45-ஆல் வகுத்தால் 72 மி.மீ., சரியாக 9 குமிழ். நீளம் 21.3 மீட்டர், அது 59 குமிழ். ரயில் மட்டத்திலிருந்து கூரை உச்சி வரை சுமார் 4 மீட்டர், அது லெகோ செங்கல் உயரத்தில் (9.6 மி.மீ.) ஒன்பதுக்குச் சற்று மேல். போகியில், அதாவது பெட்டிக்கு அடியில் இரு முனைப் பக்கமும் தனியாகத் திரும்பும் சக்கரத் தொகுதியில், அச்சு இடைவெளி 2.896 மீட்டர், அதுவும் சரியாக 8 குமிழாக வந்து நிற்கிறது. இந்தக் கணக்கை முதல் தடவை போட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரம்பூர் பெட்டியை நினைத்தே லெகோக்காரர்கள் குமிழ் வைத்த மாதிரி எண்கள் பொருந்தி வரும்.

ஆனால் அப்படிக் கட்டாதீர்கள். காரணம் வளைவு.

செட்டில் வரும் வளைவுத் துண்டின் ஆரம் 40 குமிழ், பதினாறு துண்டு சேர்ந்தால் முழு வட்டம். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாக எவ்வளவு தள்ளும் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. இரண்டு போகிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். நிஜப் பெட்டியில் போகி மையங்களின் தூரம் 14.78 மீட்டர், 45-இல் ஒரு பங்காக 41 குமிழ். 41 தடவை 41, 1681. அதை 320-ஆல் வகுத்தால் 5.25 குமிழ். பெட்டியின் பாதி அகலமே நாலரைக் குமிழ்தான். அதாவது வளைவின் நடுவில் பெட்டியின் வெளிச்சுவர்கூடத் தண்டவாளத்தின் மையக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிடும். முனைகள் அதே அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தடம் புரளாமல் ஓடினாலும் பார்க்கச் சகிக்காது.

வெளிநாட்டில் சிலர் 104 குமிழ் ஆரம் வரை பெரிய வளைவுகள் செய்து விற்கிறார்கள். அதில் இந்த 5.25 வெறும் 2 ஆகிவிடும். ஆனால் அதற்கு ஒரு முழு அறை வேண்டும். கொளத்தூர் வீட்டு ஹாலில் கொலுப்படிக்கு முன்னால் அவ்வளவு இடம் கிடைக்காது.

என் பரிந்துரை 8 குமிழ் அகலம். 50-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நீளத்தில் கொஞ்சம் சுருக்க வேண்டியிருக்கும். எதைச் சுருக்குவது என்பதுதான் உண்மையான வடிவமைப்பு வேலை.

---

மாடவீதி | ஜூலை 7, மதியம் 2.30

கொலுவுக்கு என்றதும் ஓடி வந்தேன். மயிலாப்பூரில் ஏழு வருடமாக எங்கள் வீட்டுக் கொலு பூங்காவைச் சுற்றி லெகோ ரயில் ஓடுகிறது. நானும் மகளும் சேர்ந்து செய்வது. எங்கள் பெட்டிகள் எல்லாம் 6 குமிழ் அகலம்தான், அதை நான் விட்டுத்தர மாட்டேன்.

அளவுகோல் சார் சொன்ன கணக்கை 6-க்குப் போட்டால் 68-இல் ஒரு பங்கு. அப்போது முழு நீளமே 40 குமிழ்தான், எதையும் சுருக்க வேண்டாம். வளைவில் தள்ளுவது இரண்டு குமிழுக்குச் சற்று மேல். வேகமாகத் திரும்பும், பிள்ளைகள் கை வைத்தாலும் கவிழாது. கொளத்தூரான் கட்டியது 28 நீளம். அது அகலத்தின் குற்றமா, நீளத்தின் குற்றமா என்று முதலில் பாருங்கள். அதே பெட்டியை 40-க்கு நீட்டி அப்பாவிடம் காட்டுங்களேன்.

கம்ப்யூட்டரா கையா என்று கேட்டீர்கள். நான் கோல நோட்டில்தான் வரைகிறேன். குமிழ் வரிசை என்பது நேர்ப்புள்ளிதானே. எட்டுப் புள்ளி எட்டு வரிசை என்று வைத்தால் பெட்டியின் முன்பக்கம் அப்படியே வந்துவிடும். பிளேட் என்பது செங்கலைவிட மெல்லிய தட்டு; அதன் நடுவில் ஒரே ஒரு குமிழ் இருக்கிற ஜம்பர் பிளேட் என்று ஒரு பீஸ் உண்டு, அதை வைத்தால் மேலே வரும் பகுதி அரைக் குமிழ் நகரும். அது ஊடுபுள்ளி. இதை மகளுக்குச் சொன்ன அன்றைக்கே அவளுக்கு முழுதும் புரிந்துவிட்டது. ஒற்றைப்படை அகலமுள்ள முகப்பை இரட்டைப்படை அகலமுள்ள உடம்பின் மேல் நடுவில் உட்கார வைக்க இதுதான் சுலபமான வழி.

---

இரண்டாமாண்டு | ஜூலை 7, இரவு 11.48

அக்கா, கோல நோட்டு யோசனை அருமை. ஆனால் எட்டு அகலத்துக்குப் போனால் பீஸ் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறும், அப்போது ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள் இல்லாமல் சமாளிப்பது சிரமம். லெகோ பீஸ்களை உதிரியாக விற்கும் பிரிக்லிங்க் இணையச் சந்தைக்காரர்களுடையது. அந்த நிறுவனத்தை 2019-இல் லெகோவே வாங்கிவிட்டது. இதற்கெல்லாம் அடி போட்டது 1995-இல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ஆஸ்திரேலியர் தனியாக உட்கார்ந்து எழுதிய எல்டிரா என்ற மென்பொருள். அவர் வகுத்த பீஸ் வடிவக் கோப்புகளின் வழியில்தான் ரசிகர்கள் இன்று வரை புதுப் பீஸ்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணாவுக்கு ஸ்டுடியோ எங்கே உதவும் என்றால், முதலாவது நிறம். ஒரு பீஸ் ஒரு நிறத்தில் தயாரிக்கப்பட்டதே இல்லை என்றால் அதுவே எச்சரிக்கும். வெளிர்நீலத்தில் நீங்கள் நினைக்கிற பீஸ் எல்லாம் கிடைக்காது. வரைந்து முடித்து ஆசைப்பட்ட பிறகு அது தெரிந்தால் மனசு விட்டுப்போகும். இரண்டாவது, வளைவு. திரையில் வளைவுத் துண்டுகளை அடுக்கி, பெட்டியை அதன் மேல் வைத்து, போகிகளைத் தனித்தனியாகத் திருப்பிப் பாருங்கள். படிக்கட்டு சக்கரத்தில் இடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அது சொல்லாத விஷயம் கனம். திரையில் எந்தப் பெட்டியும் தொய்வதில்லை. நான் முதலில் வரைந்த வந்தே பாரத் முகப்பு திரையில் பிரமாதமாக இருந்தது. கையில் கட்டும்போது கடைசிப் பீஸை உள்ளே நுழைக்க விரல் போக வழியே இல்லை. அதனால் ஒவ்வொரு நாலு அங்குலத்துக்கும் ஒரு தடவை கையில் கட்டிப் பார்த்துவிட்டு மேலே வரையுங்கள்.

---

ராயபுரம்_ஷெட் | ஜூலை 8, காலை 9.05

பெட்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள், இழுக்க இன்ஜின் வேண்டாமா? நீலப் பெட்டிக்கு முன்னால் சிவப்பு வாப்-4 நின்றால்தான் சென்ட்ரல் பிளாட்பாரம் கண்ணில் வரும்.

வாப்-4, வாப்-7 இரண்டுக்கும் ஒரு போகிக்கு மூன்று அச்சு. லெகோ மோட்டாரில் இருப்பது இரண்டே அச்சு. மூன்றாவதை நாம் சேர்க்க வேண்டும். வாப்-7-இல் முதல் அச்சுக்கும் மூன்றாவதுக்கும் இடையே சுமார் 3.7 மீட்டர், 45-இல் ஒரு பங்காக 10 குமிழ். அளவுகோல் சார் கணக்கையே போடுங்கள். நூறை 320-ஆல் வகுத்தால் 0.31 குமிழ், இரண்டரை மில்லிமீட்டர். நடு அச்சு அந்த அளவு பக்கவாட்டில் நகர இடம் இல்லை என்றால் வளைவில் சக்கரம் கம்பி மேல் ஏறிவிடும். அதனால் நடு அச்சை இறுக்கிப் பூட்டாமல், இரண்டு பக்கமும் கொஞ்சம் வழுக்கும்படி விடுங்கள். நிஜ ஷெட்டிலும் நடு அச்சுக்குப் பக்கவாட்டு ஆட்டம் விடுவார்கள் என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முகப்பில் ஜன்னலுக்குக் கீழே வரும் வரிகளுக்குக் குமிழைப் பக்கவாட்டில் திருப்பி அடுக்குங்கள். ஐந்து பிளேட்டின் உயரம் 16 மி.மீ., இரண்டு குமிழின் அகலமும் 16 மி.மீ. நிமிர்ந்த அடுக்கும் படுத்த அடுக்கும் இடைவெளி இல்லாமல் சேர்வது அந்த ஒரு கணக்கால்தான்.

---

கொளத்தூரான் | ஜூலை 10, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. மாடவீதி மேடம் சொன்னபடி 6 அகலத்தில் 40 நீளத்துக்கு நீட்டினேன். அகலத்தை நான் குறை சொல்லவே இல்லை, நீளம் கூடியதும் உண்மையிலேயே நிறைய மாறியது. அப்பா வாங்கிப் பார்த்தார். இந்தத் தடவை விரலால் ஜன்னல்களைத் தொட்டுக்கொண்டே போனார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒரு பெட்டிக்கு 72 படுக்கை. பேக்கு எட்டு. ஒன்பது பே. இதுல எத்தனை வச்சிருக்க?" என்றார். ஏழு வைத்திருந்தேன். "அப்ப 56 பேர்தான் ஏற முடியும்" என்றார்.

ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும், எதிரும் புதிருமாக ஆறு படுக்கை, நடைபாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு, இந்த எட்டும் சேர்ந்ததுதான் ஒரு பே. அவர் அந்த எட்டுப் படுக்கைகளைத்தான் பெட்டி பெட்டியாக முப்பது வருடம் பொருத்தினார். ஏழு பே உள்ள ஸ்லீப்பர் அவருக்கு எப்படி நம்ம பெட்டியாகத் தெரியும்?

---

அளவுகோல் | ஜூலை 11, காலை 6.15

உங்கள் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் சுருக்கச் சொன்னேன், எதைச் சுருக்கக் கூடாது என்று சொல்லாமல் விட்டேன். உங்கள் அப்பா சொல்லிவிட்டார். நம்மில் பலர் நீளத்தைக் குறைக்க ஜன்னலின் எண்ணிக்கையைக் குறைக்கிறோம். ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு ஒவ்வொரு பேயையும் கொஞ்சம் நெருக்கினால் கண்ணுக்கு உறுத்தாது. ஏனென்றால் ஓடுகிற ரயிலில் நாம் பார்ப்பது ஜன்னல், தூண், ஜன்னல், தூண் என்ற தாளத்தை. நீளத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 8 அகலம். ஒரு பேக்கு 4 குமிழ்: ஜன்னல் 1, தூண் 1, ஜன்னல் 1, தூண் 1. ஒன்பது பேக்கு 36. இரண்டு முனையிலும் கதவுக்கும் கழிவறைக்கும் தலா 4. மொத்தம் 44 குமிழ், 35 செ.மீ. போகி மையங்கள் 30 குமிழ் தூரத்தில். 900-ஐ 320-ஆல் வகுத்தால் 2.8 குமிழ். முனைகள் வெளியே நீட்டுவது 3.2. இரண்டும் பாதி அகலமான 4-க்கு உள்ளேயே நிற்கின்றன. நிஜ அளவில் 52 அல்லது 53 வர வேண்டியது 44 ஆகிறது, அவ்வளவுதான் இழப்பு.

உட்புறம் இன்னும் அழகு. எதிரெதிர்ப் படுக்கைகளுக்கு ஒவ்வொரு குமிழ், நடுவில் கால் வைக்க 2 குமிழ், ஆக நாலும் சரியாகிவிட்டது. குறுக்கே சுவர் போக மீதி 6: படுக்கை 3, நடைபாதை 2, பக்கப் படுக்கை 1. கூரையைக் கழற்றினால் 72-ஐயும் எண்ணிக் காட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒரு குமிழ் தூண்கள் தனியாக நின்றால் கை பட்டதும் முறியும். ஒவ்வொரு பேயின் தடுப்புச் சுவரையும் தூணோடு கோத்துவிடுங்கள்.

---

மாடவீதி | ஜூலை 11, காலை 10.20

44 நீளத்துக்கு வட்டம் எவ்வளவு பெரிசு என்று பார்த்தேன். வெறும் தண்டவாளம் 70 செ.மீ. விட்டம். பெட்டி வெளியே நீட்டுவதையும் சேர்த்தால் 76 செ.மீ. காலியாக விட வேண்டும். உள்ளே பூங்காவுக்கு 53 செ.மீ. வட்டம் மிஞ்சும். செட்டியார் பொம்மையும் தெப்பக்குளமும் தாராளமாக உட்காரும். சரி, உங்களுக்கு 8 தான். 72 படுக்கை என்று கேட்ட பிறகு என்னால் 6-க்காக வாதாட முடியவில்லை. என் பூங்காவில் மட்டும் 6 தொடரும்.

பிளாட்பாரம் வைப்பதென்றால் நேர்த் துண்டில் மட்டும் வையுங்கள். வளைவு முடிந்து ஒரு பெட்டி நீளம் தள்ளித் தொடங்குங்கள். இல்லையென்றால் பெட்டியின் முனை பிளாட்பாரத்தில் நிற்கிற பொம்மைகளைத் தட்டிவிட்டுப் போகும். உயரம் கம்பி மட்டத்திலிருந்து இரண்டு செங்கல் போதும்.

---

ஷெல்ஷாப் | ஜூலை 13, மாலை 5.40

என் மருமகன் இந்த இழையை அனுப்பினான். நான் ஷெல் பக்கம் வேலை பார்த்தவன். தம்பியின் அப்பா ஃபர்னிஷிங் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. நாங்கள் கூடு கட்டி அனுப்புவோம், அவர்கள் குடியிருக்கும்படி ஆக்குவார்கள். 1955 அக்டோபர் 2-இல் நேரு திறந்துவைத்த தொழிற்சாலை, சுவிஸ்காரர்கள் உதவியோடு தொடங்கியது. ஃபர்னிஷிங் பிரிவு வந்தது 1962-இல்.

இன்டெக்ரல் என்ற பேர் ஏன் வந்தது என்று பலருக்குத் தெரியாது. பழைய காலத்தில் கீழே கனமான சட்டம் ஒன்று இருக்கும், மேலே மரப்பெட்டியை உட்கார வைப்பார்கள். சட்டம்தான் எல்லாவற்றையும் சுமக்கும். நம் பெட்டியில் அண்டர்ஃபிரேம், சைடுவால், எண்ட்வால், ரூஃப் நாலையும் தனித்தனி ஜிக்கில் செய்து, ஒன்றாக வெல்டிங் பண்ணிவிட்டால் முழுக் கூடுமே சுமை தாங்கும். ஒரு குழாய் மாதிரி. அதனால்தான் எடை குறைந்தது.

இதில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது தம்பி. உள்ளே படுக்கை காட்ட வேண்டும் என்று கூரையைக் கழற்றும்படி வைக்கிறீர்கள். கூரை கழன்றால் குழாய் திறந்துவிட்டது, பலம் போய்விட்டது. அப்போது கீழ்த்தட்டுதான் முழுசும் சுமக்க வேண்டும். அதனால் கீழே பிளேட்டுகளைக் குறைந்தது மூன்று அடுக்கு வையுங்கள். ஓர் அடுக்கின் இணைப்பு மேல் இன்னொரு அடுக்கின் இணைப்பு வரவே கூடாது, கொத்தனார் செங்கல் வைக்கிற மாதிரி. கிடைப்பதிலேயே நீளமான பிளேட்டை நடுவில் போடுங்கள், முனையில் இல்லை. தொய்வு நடுவில்தான் வரும்.

நிஜப் பெட்டியில் நாங்கள் அண்டர்ஃபிரேமின் நடுவைக் கொஞ்சம் மேல்நோக்கித் தூக்கலாக வைப்போம். கேம்பர் என்று பேர். ஆளும் சாமானும் ஏறினதும் அது சமனாகிவிடும். லெகோவில் அப்படி வளைக்க முடியுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

---

இரண்டாமாண்டு | ஜூலை 13, இரவு 8.02

ஐயா, இதை எழுதியதற்கு மிக்க நன்றி. எங்கள் பாடத்தில் ஒரு செமஸ்டர் படித்தது இப்போதுதான் விளங்குகிறது. லெகோவில் கேம்பர் தனியாக வைக்க முடியாது ஐயா. ஆனால் சைடுவாலில் ஜன்னலுக்கு மேலே ஒரு நீளப் பிளேட்டும் ஜன்னலுக்குக் கீழே ஒரு நீளப் பிளேட்டும் முழு நீளத்துக்கு ஓடவிட்டால், இரண்டுக்கும் நடுவே தூண்கள் இறுகி, சுவரே ஒரு பாலத்தின் பக்கச்சட்டம் மாதிரி ஆகிவிடும். கூரை இல்லாமலே பாதி பலம் திரும்பிவிடும்.

---

கொளத்தூரான் | ஆகஸ்ட் 3, இரவு 11.15

மூன்று வாரமாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்டுடியோவில் வரைந்து முடித்தேன். தூண்களுக்கு வெளிர்நீல ஒற்றைச் செங்கல், நிறம் கிடைக்கிறது. கூரை விளிம்பின் வளைவுக்கு நினைத்திருந்த பீஸ் சாம்பல் நிறத்தில் வேறு அளவில்தான் இருந்தது, அதனால் கூரையை மூன்று தடவை மாற்றினேன்.

அவசரத்தில் ஒரு தவறு செய்தேன். வெளிநாட்டில் ஆர்டர் போட்டால் நாளாகும், சுங்க வரியும் உண்டு (பொம்மைகளுக்கு 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70) என்று, பெயர் இல்லாத மலிவு பீஸ்களைக் கிலோ கணக்கில் வாங்கினேன். தனித்தனியாகப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. 44 குமிழ் வரிசையாக வைத்தபோது, ஒவ்வொரு பீஸிலும் மயிரிழை அளவு கூடி, கடைசி முனையில் நல்ல பிளேட்டோடு பொருந்தவே இல்லை. நீள வரிசையில் சின்ன பிழை சேர்ந்துகொண்டே போகும் என்பதை யோசிக்கவில்லை. கடைசியில் கீழ்த்தட்டுக்கும் சுவருக்கும் அசல் பீஸ் வரவழைத்தேன். மலிவுப் பீஸ்களைப் படுக்கைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன், அங்கே ஒவ்வொன்றும் தனி என்பதால் பிரச்சினை இல்லை.

ஷெல்ஷாப் ஐயா சொன்னபடி மூன்று அடுக்கு, இணைப்பு மாற்றி மாற்றி. கூரை இல்லாமல் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கினேன், துளியும் தொய்யவில்லை. அப்பாவிடம் ஐயாவின் பதிவைப் படித்துக் காட்டினேன். "ஷெல்காரங்க சொன்னா சரியா இருக்கும்" என்றார்.

---

வேளச்சேரி_கடைசி | ஆகஸ்ட் 4, காலை 7.25

ஓட்டுகிற பக்கத்துக்கு நான் சொல்கிறேன். இப்போதைய லெகோ ரயில் ஹப்பில் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஆறு மெல்லிய பேட்டரி, மொத்தம் 9 வோல்ட். கொலு ஒன்பது நாளும் ஓட்டினால் பேட்டரி வாங்கியே மாளாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரீசார்ஜ் வகை வாங்குங்கள். ஆனால் அது ஒன்றுக்கு 1.2 வோல்ட், ஆறுக்கு 7.2 தான். வேகம் குறையும், இழுவையும் குறையும். மூன்று பெட்டிக்கு மேல் போவதென்றால் இரண்டாவது மோட்டார் வேண்டும்.

ஹப்பைத் திறக்க இன்ஜினை உடைக்க வேண்டியிருக்கக் கூடாது. கூரையை ஒரே துண்டாகத் தூக்கும்படி இப்போதே வடிவமையுங்கள். காந்தக் கொக்கியைப் போகியில் பொருத்துங்கள், பெட்டியின் உடம்பில் வேண்டாம். உடம்பில் வைத்தால் வளைவில் மூன்று குமிழ் வெளியே போகிற முனை பக்கத்துப் பெட்டியின் காந்தத்தையும் சேர்த்து இழுக்கும், கழன்றுவிடும்.

வேலை முடிந்ததும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் வெள்ளையும் சாம்பலும் சீக்கிரம் பழுப்பேறும்.

---

கொளத்தூரான் | செப்டம்பர் 14, மாலை 6.48

பெட்டி முடிந்தது. ஓடுகிறது. ஒரு மணி நேரம் விடாமல் சுற்றவிட்டேன், ஒரு தடவைகூடத் தடம் புரளவில்லை. இன்ஜின் இன்னும் பாதியில் நிற்கிறது, இப்போதைக்குச் செட்டில் வந்த இன்ஜின்தான் இழுக்கிறது.

அப்பா கூரையைக் கழற்றி ஒன்பது பேயையும் எண்ணினார். பக்கத்துக்குப் பதினெட்டு ஜன்னல். மகனிடம், எந்தப் படுக்கையை முதலில் பொருத்துவார்கள், எதைக் கடைசியில் என்று விரலால் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் அவர் வேலையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம் "ஜன்னல்ல கம்பி எங்க?" என்றார்.

நான் விளக்கினேன். லெகோவில் வழக்கமாகக் கிடைக்கிற கம்பியே 3.2 மி.மீ. தடிமன். 50 மடங்கு பெருக்கினால் 16 செ.மீ., தென்னங்கன்று அளவு. வைத்தால் ஜன்னலே அடைந்துவிடும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அம்மாவின் தையல் பெட்டி திறந்து கிடந்தது. கறுப்பு நூலை ஒரு முனைக் கதவுத் தூணின் இரண்டு பிளேட்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்து, தூண்களின் உள்பக்கமாகப் பதினெட்டு ஜன்னலையும் கடந்து, மறுமுனையில் அதே மாதிரி அழுத்தி முடித்திருந்தார். மேலும் கீழுமாக மூன்று வரிசை. ஒரு பக்கம் முடிந்திருந்தது. இன்னொரு பக்கத்துக்கு என்னை நூல் பிடிக்கச் சொன்னார்.

---

ராயபுரம்_ஷெட் | செப்டம்பர் 14, இரவு 7.30

லெகோ அல்லாத எதையும் சேர்க்கக் கூடாது என்று இத்தனை வருடம் வைராக்கியமாக இருந்தவன் நான். இந்த நூலுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. படம் போடுங்கள்.

---

ஷெல்ஷாப் | செப்டம்பர் 14, இரவு 8.10

நூல் தளர்ந்துவிடாதா? ஒவ்வொரு மூன்றாவது தடுப்புச் சுவரிலும் ஓர் அழுத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு என் வணக்கம். எந்த வருடம் ஓய்வு பெற்றார் என்று கேட்டுச் சொல்லுங்கள், ஒரே ஷிஃப்டில் இருந்திருக்கலாம்.

---

கொளத்தூரான் | செப்டம்பர் 14, இரவு 9.55

கேட்டேன் ஐயா. அவரே உங்களுக்கு எழுதுகிறேன் என்கிறார், தமிழில் டைப் அடிக்க மகன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான். மூன்றாவது சுவர் யோசனையை நாளைக்குச் செய்கிறோம். படம் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன்.